புதிதாய்க் கிளறிய மண்

எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வடக்கே நக்சலைட்டுகள் இருக்கிற காட்டில் துப்பாக்கி பிடிக்கிற வேலை. நெடுநெடுவென்று ஆள். லீவில் கல்வராயன் மலையடிக்கு வந்தாலும் தெருவில் மண்ணை விட்டுக் கல் மேலாகப் பார்த்துத்தான் கால் வைப்பான்.

அவன் அம்மா செத்தாள். புதைத்த மறுநாள் பால் ஊற்றப் போனோம். பெற்ற பிள்ளைதான் முதலில் ஊற்ற வேண்டும். அவனோ சொம்போடு தள்ளியே நின்றான்.

"இன்னாடா, பட்டாளத்தான் பெத்தவளுக்கே பயந்துக்கினு நிக்கிறான்!" என்று பங்காளி ஒருவன் சிரித்தான்.

அவன் என்னைப் பார்த்தான். "அம்மாகிட்ட இன்னா பயம், பெரிம்மா? இது புதுசா கிளறின மண்ணு. அங்க எனக்கு முன்னாடி போனவன் இந்த மாதிரி மண்ணுல கால வெச்சுத்தான் கண்ணிவெடியில செதறினான். போவணும்னுதான் இருக்குது, காலு வர மாட்டேங்குது."

நான் எதற்கும் பயந்தவள் இல்லை. "நான் முன்ன போறேன். என் காலடி மேலயே வா" என்றேன்.

ஈர மண்ணில் என் தடம் பார்த்துப் பார்த்து வந்தான். பால் ஊற்றினான். திரும்பும்போதும் நான் முதலில் நடக்கக் காத்து நின்றான்.

லீவு முடிந்து, கள்ளக்குறிச்சி பஸ் ஏறிப் போய்விட்டான். அந்தக் காட்டில் இப்போது அவனுக்கு முன்னால் யார் நடக்கிறார்களோ.