ஆஞ்சநேயருக்கு எங்கள் கொல்லை வெற்றிலை

என் கணவருக்குத் தஞ்சாவூரில் முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். "ஆஞ்சநேயா, இவர் எழுந்து நடந்துட்டா, உன் பிறந்தநாளுக்கு எங்க கொல்லை வெற்றிலையிலேயே நூற்றெட்டு கோத்து மாலை போடுறேன்." கடையில் வாங்கிப் போட யாராலும் முடியும். கிணற்றடி அகத்தி மரத்தில் ஏறியிருந்த என் கொடி அப்போது அவ்வளவு செழிப்பு.

அவர் நடந்தார். கார்த்திகையில் ஊன்றுகோலையும் மூலையில் சாத்திவிட்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஆஞ்சநேயர் பிறந்தநாள் வருவது மார்கழியில். மார்கழிப் பனி பட்டால் வெற்றிலைக்கொடி இலையை உதிர்க்கும். இத்தனை வருஷமாகக் கொடி வளர்க்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து வேண்டுகிறபோது மாதம் யாருக்கு ஞாபகம் வருகிறது!

மழை விட்டு வாடைக்காற்று வீச ஆரம்பித்ததும் இலைகள் பழுத்தன. காலையில் பார்த்தால் பத்து, பதினைந்து கீழே கிடக்கும். நெல் காயப்போடும் தார்ப்பாயை எடுத்துக் கொடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மறுநாள் விடியுமுன் கோயிலுக்குப் போனவள் மார்கழி பூஜை முடிந்து பொங்கல் வாங்கிக்கொண்டு வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. தார்ப்பாயை அவிழ்த்தால் உள்ளே ஒரே புழுக்கம், தண்ணீர் சொட்டுகிறது. வெளிப்பக்கத்து இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி துவண்டிருந்தது.

"மாலை போடப்போறியா, கூட்டு வைக்கப்போறியா?" என்றார் என் கணவர்.

"நல்லா சிரிங்க. உங்க காலுக்குத்தான் இதெல்லாம்" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

அவர் உள்ளே போய்த் தன் பழைய வேட்டி நான்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அன்றே வடக்குப் பக்கம் தென்னங்கீற்றில் ஒரு தட்டி கட்டினோம். இலையில் துணி ஒட்டாதபடி குச்சி ஊன்றி, பொழுது சாயும்போது வேட்டியால் போர்த்துவேன். நான் கோயிலில் இருக்கும்போது, வெயில் முகம் காட்டியதும் அதை எடுப்பது அவர் வேலை. சாயங்காலம் தண்ணீர் விடுவதை நிறுத்தினேன். காலையில் மோட்டாரிலிருந்து வெதுவெதுப்பாக வரும் தண்ணீரை வேரில் விட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் வந்து நின்றாள். "ஏக்கா, அண்ணன் வேட்டி எல்லாம் இங்க இருக்கு, அண்ணன் என்னத்தக் கட்டுறாரு?"

"லுங்கி இருக்குல்ல. போடி, வேலையப் பாரு."

உதிர்வது குறைந்தது. ஆனால் பிறந்தநாளுக்கு முதல்நாள் சாயங்காலம் பறித்துப் பார்த்தால் ஓட்டை இல்லாத இலை நூற்றிரண்டுதான் தேறியது. "எங்க கொடியில ஆறு பறிச்சுக்கங்கக்கா, சாமி கோவிச்சுக்குமா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நல்ல மனசுதான். ஆனாலும் நான் சொன்ன சொல் எங்கள் கொல்லை என்றுதானே? ஏணியைச் சாத்தி ஏறினேன். ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே அவர் நின்றார், இரண்டு காலையும் ஊன்றி. உச்சியில் அகத்தித் தழை பனியை மறைத்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு இலை பச்சைப்பசேலென்று இருந்தது. "இருக்குங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

இரண்டிரண்டாக அடுக்கி வாழைநாரில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். மற்றவர்கள் கொண்டுவந்த கடை மாலைகள் முழங்கால்வரை தொங்கின. குளிரில் வளர்ந்த என் இலை சின்னது, மாலை மார்போடு நின்றுவிட்டது.

"கொல்லையில பறிச்சதா? இந்தப் பனியிலயா?" என்றார் பட்டாச்சாரியார்.

"ஆமாங்க சாமி."

அவர் தலையாட்டிக்கொண்டே அதைச் சாத்தினார். என் கணவர் என் தோளைப் பிடிக்காமல் பிராகாரத்தை மூன்று சுற்று சுற்றினார். சந்நிதியில் நின்று பெருமைப்படக் கூடாது என்பார்கள். பகவான் மன்னிக்கட்டும். வரிசையில் பின்னால் நின்ற முன்பின் தெரியாத அம்மாவிடம் நானாகவே சொன்னேன்: "அந்தச் சின்ன இலை மாலை எங்களுதுங்க."