படத்தில் வராத சூடு

மலேசியாவில், கிள்ளானில் லோரி ஓட்டுபவர். நீரிழிவுப் புண் ஆய்வுக்காக மாதாமாதம் மருத்துவமனைக்கு வருவார். அவர் பாதத்தைப் படமெடுப்பது என் வேலை. நல்ல கறுப்பு நிறம், முறுக்கு மீசை. நான் கேமராவைத் தூக்கினால் போதும், கைக்குட்டையை எடுத்துக் காலைத் துடைத்துவிட்டுத்தான் நீட்டுவார்.

ஒருநாள், "உள்ளுக்குள்ள எரியுது மிஸ்," என்றார். படத்தை உடனே ஆய்வு மருத்துவருக்கு அனுப்பினேன். 'சிவப்பே இல்லை, புண் ஆறுகிறது' என்று பதில் வந்தது.

லோரிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் தோலுல என்னைக்கு மிஸ் சிவப்பு தெரிஞ்சிருக்கு? கைய வைங்க லா. சுடுதா இல்லியா?"

கையுறையைத் தாண்டிச் சுட்டது. அதை எழுதப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. மருத்துவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"படத்துல ஒண்ணும் இல்லையேம்மா," என்றார். இரண்டு மாடி இறங்கி வந்து தொட்டுப் பார்க்க அந்த மனுஷருக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதம் லோரிக்காரருக்குக் கால் பெருவிரல் இல்லை. அதையும் படமெடுக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று அவர் கைக்குட்டையைத் தொடவே இல்லை. கட்டுத்துணியை அவிழ்த்ததும் காலை நீட்டினார்.

"எடுங்க மிஸ். இப்ப நல்லா தெரியும்."