களத்துப் பூனைக்குப் பத்தியம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு போகத்துக்கு மேல் தங்கியதில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், கேரளாவில் ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன், அறுவடை மெஷினோடு ஊர் ஊராகப் போனேன். பூதலூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மட்டும் ஒரு வருடம் இருந்தேன். காரணம் ஒரு கிழட்டுப் பூனை.

ஆலையின் களத்தில் எனக்கு வேலை. அவித்த நெல்லைச் சிமெண்டுத் தரையில் பரப்பி, வெயில் ஏற ஏறக் காலால் கிளறிவிட வேண்டும். என்னோடு வேலை பார்த்த அக்காதான் அந்தச் சாம்பல் நிறப் பூனையைக் குட்டியாகச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தவர். அப்போது அவர் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாளாம். இப்போது அந்த மகளுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, கழற்றி வைத்த என் சட்டையின் மேல் பூனை படுத்துக்கொண்டது. துரத்த மனம் வரவில்லை.

சித்திரையில் அது ஓயாமல் தண்ணீர் குடித்தது. நெல் ஊறும் தொட்டியின் விளிம்பில் ஏறி, அந்த நாற்றத் தண்ணீரைக்கூட நக்கியது. அந்த வெயிலில் எங்களுக்கும் அதே தாகம்தான். ஆகவே எங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தோம். மோரும் உப்பும் போட்டு நாங்கள் குடிக்கும் நீராகாரத்தில் அதற்கும் ஒரு கொட்டாங்குச்சி ஊற்றினோம். கருவாட்டுத் தலையும் போட்டோம். அது குடிக்கக் குடிக்க மெலிந்தது. தடவினால் முதுகெலும்பு முடிச்சு முடிச்சாகக் கையில் தட்டியது.

அரிசிப் பையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆடும் கன்றும் நிற்கும் வரிசையில் நானும் நின்றேன்.

"என்ன தம்பி, எலி கடிச்சிடுச்சா?" என்றார் கன்றுக்குட்டியோடு நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினார். மறுபடி போனபோது, "கிட்னி ரெண்டும் சுருங்கிடுச்சு. வயசாச்சுல்ல, குணமாகாது. பார்த்துக் குடுத்தா கொஞ்ச காலம் ஓட்டலாம். தண்ணியத் தடுக்காதீங்க. மீனெல்லாம் அளவா குடுங்க. உப்பு கூடவே கூடாது" என்றார்.

"நீராகாரம் குடுக்குறோம்ங்க."

"உப்புப் போட்டா?"

"போட்டுத்தாங்க."

அவர் சீட்டு எழுதினார்.

அன்றிலிருந்து பத்தியம். வாய்க்கால் கெண்டையை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு கூழாகப் பிசைவேன். ஆறிப்போனால் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மதியம் மற்றவர்கள் சாப்பிட உட்காரும்போது நான் கிண்ணத்தைப் பாய்லர் ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சூடாக்குவேன். வாசம் எழுந்தால் நாலு வாய் நக்கும். முட்டை அவித்தால் வெள்ளை அதற்கு, மஞ்சள் எனக்கு. வாயில் புண் வந்தபோது கூழை விரலில் தொட்டு மேலண்ணத்தில் தடவினேன். சில காலைகளில் நுரையாகக் கக்கும். துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"உப்பில்லாம நீ தின்பியா?"

"தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

பொய்யில்லை. இரண்டு சட்டி வைக்கச் சோம்பல். எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து, என் பங்குக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டேன்.

"அது நாக்கு செத்துக் கெடக்கு. ஒரு துண்டு கருவாடு காட்டினா எந்திரிச்சு ஒக்காரும்."

"காட்டினீங்கன்னா நான் கெளம்பிடுவேன்க்கா."

"எப்படியும் கெளம்பப் போறவன்தானே நீ."

ஒருநாள் கொட்டாங்குச்சியின் அடியில் நீராகாரத்தின் மண்டியைப் பார்த்தேன். கோபம் வந்தது. "குடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கேட்டேன். "தாகத்துக்குக் குடிக்குது. உனக்கென்ன?" என்றார். கழுவி, பச்சைத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அதற்குப் பிறகு, கருவாடும் கொடுத்துவிடுவாரோ என்று அவர் சாப்பாட்டு டப்பாவில் எப்போதும் ஒரு கண் வைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் களத்தில் வேலை இல்லை. வேறு வருடமாக இருந்தால் போயிருப்பேன். ஆலைக்குள் நெல் மூட்டை தூக்கும் வேலை செய்துகொண்டு அங்கேயே கிடந்தேன். தையில் மெஷின் ஓட்டும் சிநேகிதன் போன் செய்தான்.

"மச்சான், வண்டி விழுப்புரம் பக்கம் போவுது. வர்றியா?"

"ஒரு வாரம் பொறு."

"ஏன், யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?"

"பூனைக்கு."

"உனக்கு ஒரு கல்யாணம் பண்ணி வச்சிருக்கணும்டா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

மாசிப் பனியில் பூனை சாப்பிடுவதை நிறுத்தியது. சூடாக்கிப் பார்த்தேன். விரலில் தடவிப் பார்த்தேன். கடைவாய் வழியாக எல்லாம் வழிந்தது. கடைசியில் நானே போய், "அக்கா, கருவாடு இருந்தா குடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். குத்திக்காட்டவில்லை. டப்பாவிலிருந்து வறுத்த நெத்திலியை எடுத்து, உள்ளங்கையில் நசுக்கி நீட்டினார். பூனை கண் திறந்தது. மோந்தது. பிறகு அந்தக் கருவாட்டின் மேலேயே மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. அக்கா கையை எடுக்கவில்லை. களத்திலிருந்து கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. "இதுலயும் ஆசை விட்டுப்போச்சா ஒனக்கு" என்று பூனையிடம் கேட்டார்.

மறுநாள் காலை உமிச் சாம்பல் மேட்டில் விறைத்துக் கிடந்தது. வாய்க்கால் கரையில் புதைத்தோம்.

அன்று மதியம் பாய்லர் பக்கம் போக எனக்கு வேலை இல்லை. மற்றவர்களோடு உட்கார்ந்தேன். அக்கா தூக்குவாளியில் சோற்றைப் பிசைந்தார், தண்ணீர் ஊற்றினார், மோர் ஊற்றினார். உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் கொட்டாங்குச்சியை இழுத்து, அதில் கொஞ்சம் ஊற்றி ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகுதான் உப்பைப் போட்டுக் கலக்கினார். கை பழகியிருந்தது. எத்தனை மாதமாக இப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் டப்பாவைத்தான் கவனித்தேன், தூக்குவாளியைக் கவனித்ததில்லை.

கலக்கிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் கொட்டாங்குச்சியைப் பார்த்தார்.

"கொட்ட வேணாம். நீ குடிச்சிடு தம்பி" என்று என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன்.