நாலுவரி லிங்கசாமி

நான்கு வரி அடித்ததும் லிங்கசாமி எழுந்துவிடுவார். வாக்கியம் பாதியில் தொங்கினாலும் சரி, எதிரே மனுக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாலும் சரி. வேட்டியை ஒரு உதறு உதறிவிட்டு அங்கமுத்துவின் டீக்கடை அடுப்புவரை நடப்பார். டீ குடிக்க மாட்டார். கொதிக்கும் பாலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். போக இருபத்திரண்டு எட்டு, வர இருபத்திரண்டு எட்டு. ஒரு பக்க மனுவுக்கு ஏழு நடை. திருப்பூரில் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருபத்தோரு வருடமாக இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறார். பலகையில் ‘லிங்கசாமி, ஆங்கில டைப்பிங்’ என்று இருக்கிறது. ஊர் வாயில் அவர் நாலுவரி லிங்கசாமி.

“ஒரே ஒரு மனுவை உக்காந்தாக்குல முடிச்சுப் போடுங்களேன், பாப்போம்” என்று அங்கமுத்து வம்புக்கு இழுப்பார்.

“உக்காந்தே அடிச்சா பொய் சேந்துக்குதுங்க. நடந்தா கொஞ்சம் உதுந்துரும்.”

“அப்ப எங்கடை வாசல்ல கிடக்கறதெல்லாம் ஊருப் பொய்யிங்களா? தெனமும் நானல்லோ கூட்டித் தள்றேன்!”

காலையில் தட்டச்சுப் பொறியின் மூடியைக் கழற்றியதும் எழுத்து அச்சுகளை ஒவ்வொன்றாகத் துடைப்பது முதல் வேலை. ஆங்கிலச் சின்ன எழுத்து ‘இ’யிலும் ‘ஓ’விலும் மை அடைத்துக்கொள்ளும். அதற்கு ஊசி. மற்றவற்றுக்கு ஒரு தகர டப்பாவில் பனியன் வேஸ்ட். கட்டிங் மேஜையில் துணி வெட்டும்போது விழுகிற துண்டு துணுக்குகளை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆத்தப்பனின் பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்க்கும், அதாவது தையல்காரருக்குத் துண்டுகளை மடித்துக் கொடுக்கும், சின்னாத்தாள் சனிக்கிழமைதோறும் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கைப்பிடி வேஸ்டை அந்த டப்பாவில் போட்டுவிட்டுப் போவாள். “உங்க மிசினுக்குத் தீவனமுங்க” என்பாள். வேறு பேச்சு கிடையாது.

பொறிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும். அதில் இரண்டே விஷயம். இடப்பக்கம் கொலை, வலப்பக்கம் திருட்டு. இந்த இரண்டையும் வெள்ளைக்காரர் எந்தக் காலத்தில் எப்படிச் சொன்னார்கள் என்ற கணக்கு. 1951இல் கோயமுத்தூரில் அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியை எடைக்கு வாங்கியிருந்தார். ஒவ்வொரு சொல்லும் முதலில் எழுத்தில் ஏறிய வருடத்தை அது சொல்லும். தொழிலுக்கு உதவும் என்றுதான் வாங்கினார். பிறகு அதைக் கீழே வைக்க முடியவில்லை.

“நானூறு வருசத்துக்கு முன்னால வெள்ளைக்காரன் தூக்கிட்டுப் போனானுங்க. ‘லிஃப்ட்’. இன்னைக்கும் நம்ம ஸ்டேசன்ல மாட்டுத் திருட்டுக்கு அதைத்தான் எழுதறாங்க. அதுக்கு நூத்திச் சொச்சம் வருசம் கழிச்சு கிள்ளிட்டுப் போனான். ‘பின்ச்’. தூக்கறது போயி கிள்ளறது வந்துருச்சு, பாருங்க.”

“கொலைக்குங்க?” என்பார் அங்கமுத்து, டம்ளரைக் கழுவியபடியே.

“அது வரவர மெலிசாகுதுங்க. அமெரிக்காக்காரன் ‘அழிச்சுட்டேன்’னு சொல்லிப்போட்டான். சிலேட்டைத் துடைக்கிறாப்பல.” சட்டைப் பையிலிருந்து தட்டச்சு அழிக்கும் வட்ட ரப்பரை எடுத்துக் காட்டுவார். “கொன்னவன் கொன்னேன்னு எந்தத் தேசத்துலயும் சொல்றதில்லீங்க. நம்மூர்லயும் ‘தீத்துட்டேன்’, ‘முடிச்சுட்டேன்’தான். ஆனா திருட்டுக்குப் பேரு வெக்கறவன் பறிகுடுத்தவன். அதுதான் வார்த்தை பெருகிட்டே கிடக்குது.”

“இது நோட்டுங்களா, ஜெயில் ரிஜிஸ்டருங்களா?”

பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டு லிங்கசாமி திரும்பிவிடுவார்.

1966 ஆகஸ்டு 13, சனிக்கிழமை, மாலை ஐந்தரை. ஆத்தப்பன் சைக்கிளை நிறுத்தாமலே, சாய்த்துப் பிடித்தபடி கத்தினார்.

“திருட்டுக் கேசுங்க! சுடச்சுட அடிங்க. அந்தச் சின்னாத்தா மடி நெறைய வேஸ்ட்டைக் கட்டீட்டுப் போறா. கேட்லயே புடிச்சு உக்கார வெச்சிருக்கறேன்.”

லிங்கசாமியின் கை தாளைச் செருகிவிட்டது. பழக்கம். மனம் பிறகுதான் வந்து சேர்ந்தது. மனு உள்ளே போனால் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வருவார்கள். அவ்வளவு போதும். ஸ்டேஷன் வாசல் மிதித்த பெண்ணை இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. அவள் மகள் எட்டு மாத வயிற்றோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன வாரம் அங்கமுத்துவிடம் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தார்.

“உங்க நோட்டுல சூடா ஒரு வார்த்தை இருந்தாப் போடுங்க. இன்ஸ்பெக்டரு அலறோணும்.”

“சில்லறையா எடுக்கறதுக்கு ‘பில்ஃபர்’னு ஒண்ணு இருக்குதுங்க.”

“அது சின்னதாட்ட இருக்குதே. பெருசா இல்லீங்களா?”

நான்கு வரி அடித்தார். எழுந்தார். இருபத்திரண்டு எட்டு நடந்து பாலைப் பார்த்தார். திரும்பும்போது கால் பொறியைத் தாண்டி இன்னும் நாலெட்டு போய்விட்டது. ஆத்தப்பனின் கம்பெனி 1949இல் தொடங்கியது. அந்த வருடத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் பெண்கள் மடியில் வேஸ்ட் கட்டிக்கொண்டு போகிறார்கள். விளக்குத் திரிக்கு, தலையணைக்கு, சட்டி இறக்கும் பிடிதுணிக்கு. பதினேழு வருடம் அதற்கு ஒரு பெயரே இருந்ததில்லை. நோட்டில் எந்தப் பக்கத்திலும் அது ஏறவில்லை. போன மாதம் காதர்பேட்டையில் ஒருவர் மிஷின் துடைக்க என்று வேஸ்டுக்கு விலை வைத்தார். அந்த வாரமே ஆத்தப்பன் வந்து, வேஸ்டை யாரும் தொடக்கூடாது என்று ஒரு அறிவிப்பு அடித்துக்கொண்டு போனார். ஆங்கிலத்தில். பம்பாய் வியாபாரி வந்தால் மெச்சுவார், ஆட்களுக்கும் பயம் இருக்கும் என்றார். லிங்கசாமிதான் அடித்துக் கொடுத்தார்.

அலமாரியைத் திறந்து கார்பன் நகலை எடுத்தார். 18.7.1966. பதினோரு வரி. இரண்டு நடை.

“இதோட அசலை மனுவோட சேத்தோணுமுங்க. கண்ணுல பாக்காத தாளை நான் மனுல சேத்தறதில்லை. வாங்க, போயிப் பாத்துட்டு வந்துரலாம்.”

“இப்பவா? ஸ்டேசன்ல இருக்கறவரு போயிருவாருங்க!”

“நீங்க சைக்கிள்ல முன்னால போங்க. நான் நடந்தே வந்தர்றேன்.”

கேட்டை ஒட்டிய சிமெண்டுப் படியில் சின்னாத்தாள் உட்கார்ந்திருந்தாள். மடி முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. சுற்றிலும் நாற்பது பேர், சம்பளம் வாங்கியும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். சுவரில் முருகன் படம். அதன் கீழே கண்ணாடி போட்ட சட்டத்தில் அறிவிப்பு. கண்ணாடியின் நான்கு மூலையிலும், நடுவிலும் காய்ந்த சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம்.

லிங்கசாமி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“சின்னாத்தா, இது என்னன்னு தெரியுமா?”

“தெரியாம என்னங்க? கெவுருமெண்டு லைசென்சுங்க. மொதலாளிதான் சட்டம் போட்டு முருகனுக்குக் கீழ மாட்டினாருங்க.”

“பொட்டு?”

“நாந்தானுங்க வெச்சேன். ஆடி மூணாம் வெள்ளிப் பூசைக்கு. மிசினு, தராசு, சாமி, லைசென்சு, எல்லாத்துக்கும் வெக்கச் சொன்னாருங்க. அவரேதான் சூடம் காட்டினாரு.”

“நாங்கெல்லாம் கன்னத்துல போட்டுக்கிட்டமுங்க!” என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆத்தப்பன் நெற்றியைத் துடைத்தார். “மாட்டித்தானுங்க வெச்சிருக்குது. படிக்கத் தெரியாதது என்ற தப்புங்களா?”

“யாராச்சும் படிச்சுச் சொன்னீங்களா?”

ஆத்தப்பன் முருகன் படத்தைப் பார்த்தார்.

“நானும் சொல்லலீங்க. அடிச்சுக் குடுத்ததோட சரி” என்றார் லிங்கசாமி. “இப்ப இந்தச் சட்டத்தைக் கழட்டி மனுவோட வெக்கறமுன்னு வெச்சுக்குங்க. பொட்டு யாரு வெச்சதுன்னு இன்ஸ்பெக்டர் கேப்பாரு. திருடினவதான்னு அடிக்கட்டுங்களா? சூடம் காட்டினது மொதலாளின்னு அதுக்குக் கீழ அடிக்கட்டுங்களா?”

“மானத்தை வாங்காதீங்க.” ஆத்தப்பன் குரலைத் தாழ்த்தினார். “மனு வேண்டாமுங்க. அதைப் படிச்சாவது உடுங்க.”

லிங்கசாமி நகலைக் கையில் பிடித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொன்னார். வெட்டுத் துணி, கழிவுத் துணி எதையும் எவரும் வெளியே கொண்டுபோகக்கூடாது. மீறினால் திருட்டாகக் கொள்ளப்படும். நான்காவது வரியில் அவருடைய வலது கால் அசைந்தது. அசைந்த கால் அங்கேயே நின்றது. பதினோரு வரியையும் நின்ற இடத்தில் முடித்தார். சிரித்தவர்கள் ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை. அப்போதுதான் தங்கள் மடிகளைக் குனிந்து பார்த்தார்கள்.

சின்னாத்தாள் எழுந்து முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை வெள்ளையாகப் படியில் கொட்டிற்று.

“சரி, சின்னாத்தா” என்றார் ஆத்தப்பன். “இன்னைக்கொரு நாளைக்கு எடுத்துட்டுப் போ. புள்ளைக்குத் தலகாணி வேணுமின்னு சொன்னயல்லோ.”

“வேண்டாமுங்க. நேத்து வரைக்கும் அதுக்குப் பேரில்லாம இருந்துச்சு. இனி எடுத்தா ஒரு பேரு இருக்குதல்லோ.” அவள் சேலையை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டு நடந்தாள். ஒவ்வொருத்தியாக மற்றப் பெண்களும் மடியை அவிழ்த்தார்கள். குவியல் இடுப்புயரம் வந்தது. ஆத்தப்பன் அதைப் பார்க்காமல் சட்டத்தின் குங்குமத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

லிங்கசாமி சந்துக்குத் திரும்பினார். நான்கு வரி மனுவைப் பொறியிலிருந்து உருவித் தேதி போட்டு, ‘முடிக்கப்படவில்லை’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்தார். நோட்டைத் திறந்து வலப்பக்கத்தில் 13.8.66 என்று எழுதினார். மேற்கொண்டு ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடினார்.

எழுந்து நடந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. “பாத்துட்டுச் சொல்லப்படாதுங்களா?” என்று அங்கமுத்து கத்தியது அவர் காதில் ஏறவில்லை. திரும்பி வந்து தகர டப்பாவைக் கவிழ்த்தார். போன சனிக்கிழமை, அறிவிப்புக்குப் பிறகு, சின்னாத்தாள் போட்ட வேஸ்ட், மை ஏறிக் கறுத்த ஒரு கைப்பிடி. அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் கம்பெனிவரை நடந்தார். கேட்டில் ஆத்தப்பன் குவியலைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். லிங்கசாமி குனிந்து, அந்த வெள்ளைக் குவியலின் மேல் கறுப்புக் கைப்பிடியை வைத்தார்.