பதினேழாம் எண் டோக்கன்

அப்ரன்டிஸ் பள்ளியில் சேர்ந்த அன்றே ஆளுக்கு ஐந்து பித்தளை டோக்கன் கொடுத்தார்கள். எட்டணா அளவு வட்டம், நடுவில் அவரவர் எண். கருவி அறையில் ஒரு டோக்கனைக் கொடுத்தால் ஸ்டோர்கீப்பர் எண்ணை நோட்டில் குறித்து, டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்ட கருவியைத் தருவார். கருவி திரும்பினால் டோக்கன் திரும்பும். ஆணியில் யார் எண் தொங்குகிறதோ, அந்தக் கருவிக்கு அவர்தான் பொறுப்பு. காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்று நடத்திய பள்ளி அது. அங்கே இதுதான் வேதம்.

எனக்கு வாய் நீளம். அதைத் தலைமைப் பண்பு என்று நினைத்து என்னைக் குழுத் தலைவனாக்கினார்கள். ஆறு பேர் என் பொறுப்பு. அதில் ஒரே பெண் அவள். தலைமுறைகளாகச் செகந்திராபாத்திலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். மயிரிழைத் தடிமனையும் அளக்கும் மைக்ரோமீட்டர் பார்க்க அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்றே மாதத்தில் என்னைவிட நன்றாகப் பார்த்தாள். "நக்கோ லீடர், தப்பா படிக்கிறீங்க. இன்னொரு வாட்டி அளங்க" என்று, 'வேண்டாம்' என்பதற்கு அந்த ஊர் உருதுச் சொல்லைப் போட்டு என்னையே திருத்துவாள். சிரித்து மழுப்புவேன். உள்ளே எரியும்.

வருட முடிவில் எங்களில் ஒருவரை மட்டும் தொழிற்சாலையின் அளவுக் கூடத்தில் எடுத்துக்கொள்வதாக இருந்தது. அவளா நானா என்பதுதான் எல்லோர் வாயிலும். "இது கெடைக்கலைன்னா வீட்ல கல்யாணம் பண்ணி அனுப்பிருவாங்க லீடர்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கோ அப்பா அதே தொழிற்சாலையில் இருந்தார், தங்கக் குவார்ட்டர்ஸ் இருந்தது. கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

நான் எடுத்த கருவியை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்ததில்லை. என் ஐந்து டோக்கனும் எப்போதும் ஆணியில்தான் தொங்கும். அன்று மைக்ரோமீட்டர் தேவைப்பட்டது. அவளிடம் டோக்கன் கேட்டேன். அடுத்தவருக்கு டோக்கன் கொடுக்கக் கூடாது. ஆனால் கேட்டது லீடர் ஆயிற்றே, கொடுத்துவிட்டாள். எண் பதினேழு. மத்தியானம் அந்த மைக்ரோமீட்டர் என் கையிலிருந்து நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு, டோக்கனை வாங்கி அவளிடம் சேர்த்தேன். விழுந்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். அளவு காட்டாத மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சியாளர், நேற்று இது பதினேழாம் டோக்கனில் போயிருக்கிறது, யார் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு அடி முன்னால் வந்து, "டோக்கன் என்னுதுதான் சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது பொய்யும் இல்லை. மிச்சத்தைச் சொல்ல வேண்டியவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பயந்துவிட்டேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயமும் இருந்தது. ஆனால் அந்த நிமிஷமே அளவுக் கூடம் எனக்குத்தான் என்றும் மனசு கணக்குப் போட்டது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கருவியைக் கீழே போட்டுவிட்டு மறைத்தவள் என்று பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இடம் எனக்குக் கிடைத்தது. பத்து மாதம்கூட அங்கே நான் குப்பை கொட்டவில்லை. ஊரே கம்ப்யூட்டர் பக்கம் ஓட, நானும் அமீர்பேட்டையில் ஒரு கோர்ஸ் முடித்து மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குத் தாவினேன். எனக்கு வேண்டவே வேண்டாத ஒரு இடத்துக்காக அவளை விற்றிருக்கிறேன்.

பத்து வருஷம் கழித்துப் போன் செய்தாள். வீட்டில் சண்டை போட்டு உப்பலில் ஒரு பட்டறையில் சேர்ந்து, பிறகு அங்கேயே ஒரு பயிற்சி மையத்தில் ஆசிரியை ஆகியிருந்தாள். "எங்க பசங்களுக்குத் தலைமை பத்தி வந்து பேசணும் லீடர்." பழசை மறந்துவிட்டாள் என்று நினைத்து எனக்கு ஒரே நிம்மதி.

முப்பது பேர் இருந்தார்கள். மைக்ரோமீட்டர் பார்க்கத் தனக்குக் கற்றுத்தந்தவர் என்று என்னை அறிமுகம் செய்தாள். தன்னம்பிக்கை, குழு உணர்வு, பொறுப்பு என்று ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினேன். முடித்ததும் ஒரு பெண் எழுந்து, பயிற்சியில் நீங்கள் ஏதாவது தப்பு செய்ததுண்டா சார் என்று தெலுங்கில் கேட்டாள். ஒருநாள் ஷூ போடாமல் செருப்போடு ஒர்க் ஷாப்புக்குள் போய்த் திட்டு வாங்கினேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

வாசலில் டீ கொடுத்தாள். "இன்னைக்கும் சொல்லலையே லீடர்" என்றாள்.

எதையோ உளற வாயெடுத்தேன்.

"பரவால்ல. பசங்களுக்குப் போன வாரமே மொத்தமும் சொல்லிட்டேன். தப்பு பண்ணவரே நேர்ல வந்து சொல்வார், ஒரு தப்பை எப்படி ஒத்துக்கறதுன்னு பாத்துக்கங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன்." குரலில் கோபமே இல்லை.

உள்ளே அந்த முப்பது பேரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கேள்வி கேட்ட பெண் மட்டும் எங்களைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.