மெஷினுக்கு வைத்த பொட்டு

நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள்.

இன்று காஜா பேராங் வட்டாரத்தில் செல்லையா வீட்டுக்குப் போனேன். பழைய டைப்ரைட்டர்களை வாங்கிப் பழுது பார்த்து அடுக்கி வைப்பவர். புதிதாக வந்த ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாரமா சுரண்டுறேன் ஐயா. உள்ள செவப்பா என்னமோ கல்லு மாதிரி ஒட்டிக் கெடக்கு. எந்த மடையன் செஞ்ச வேலையோ, கையில கெடைக்கட்டும்."

மெஷினின் பக்கவாட்டுக் குமிழில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. பல வருஷத்துக்கு முன் அதைச் சுற்றியது நான்தான்.

மெர்டேக்கா, அதான் நாடு சுதந்திரம் அடைந்த சமயத்தில் பிரஜாவுரிமை மனு தட்டிக் கொடுப்பவர் ஒருவரிடம் வேலை செய்தேன். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைக்கச் சொன்னார். எனக்குப் படிக்கத் தெரியாது. எந்த எழுத்து பெரியது, எது சின்னது என்று கண்டேனா? உள்ளே எழுத்து அச்சு ஒன்று விடாமல் சந்தனம் குழைத்துப் பூசி, மேலே குங்குமம் வைத்தேன். மறுநாள் பாதி எழுத்து எழவே இல்லை.

 செல்லையா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

ஒருவழியாக மெஷின் வேலை செய்தது. உடனே குங்குமச் சிமிழை எடுத்து வந்தார்.

"பெரியவங்க நீங்க. உங்க கையால ஒரு பொட்டு வெச்சு விடுங்க."

மூடிமேல் ஒன்றே ஒன்று வைத்தேன்.

"ஏன் ஐயா மூடிமேல வெக்கிறீங்க?"

"உள்ள வேணாம்."

இதை யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். என் பதிவுக்கு முதல் லைக் போடுவதே அவர்தான் என்கிறாள் மருமகள். என்ன செய்யலாம்?