மூன்று அறை பதிந்து இரண்டில் தங்கினோம்: இங்கிலாந்து ஸ்காபரோவில் ஒரு வார இறுதி

ஜூன் கடைசியில் நான் முகநூலில் போட்ட கழுதைப் படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டுவிட்டார்கள்: இங்கிலாந்திலும் ஒரு ஸ்காபரோ இருக்கிறதா, எப்படிப் போவது, எவ்வளவு காசு முடியும் என்று. இருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிற நம்முடைய ஸ்காபரோவுக்குப் பெயர் கொடுத்ததே அந்த ஊர்தான். வடகடல் ஓரத்தில், மேட்டில் ஒரு உடைந்த கோட்டையும் அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு குடாவுமாக, வெள்ளைக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பழைய கடற்கரை ஊர். வழி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் படங்களில் தெரிகிற அளவுக்கு அது சந்தோஷமான பயணம் இல்லை. அதையும் சேர்த்து எழுதலாமா என்று கேட்க வேண்டியவரிடம் கேட்டேன். "எழுது, பேரைப் போடாதை" என்றார்.

நாங்கள் மூன்று பேர். பெரியண்ணை லீட்ஸ் நகரத்தில். சின்னண்ணை ஊரில், பருத்தித்துறையில், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். கடைசி நான், ரொறன்ரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம். மூவரும் ஒரே இடத்தில் நின்று முப்பத்தைந்து வருடம் இருக்கும். நான் ஊருக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன், லீட்ஸுக்கு ஒரு தரம். பெரியண்ணை ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. முதலில் பயம், பிறகு வேலை, இப்போது சிறுநீரகம். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வெள்ளி மத்தியானம் அந்த மெஷினை விட்டு எழும்பினால் திங்கள் காலை வரைதான் அவருடைய நேரம். அந்த இடைவெளிக்குள் அடங்கக்கூடிய தூரத்தில் ஒரு இடம் தேடித்தான் இந்த ஊரைப் பிடித்தோம்.

திட்டம் இதுதான். பெரியண்ணை அழைப்புக் கடிதமும் வங்கிக் கணக்குப் பேப்பர்களும் அனுப்புவார், சின்னண்ணை விசாவுக்கு விண்ணப்பம் போடுவார், நான் இங்கிருந்து மகளோடு போவேன். தை மாதமே விருந்தினர் விடுதியில் மூன்று அறை பதிந்தேன். அறைக்கு ஒரு இரவு எண்பத்தைந்து பவுண், காலைச் சாப்பாட்டோடு. திருப்பித் தரமாட்டோம் என்ற மலிவு விலை. மே மாதம் சின்னண்ணை போன் எடுத்தார். விசா குடுக்கேல்லை தங்கச்சி, அவ்வளவுதான் என்றார். நான் ஒரு கிழமை முழுக்க அந்த விசா அதிகாரிகளைத் திட்டித் தீர்த்தேன். வேலையிடத்தில் திட்டினேன், கோயிலில் திட்டினேன், இந்த வலைப்பூவிலும் நாலு வரி திட்டி எழுதினேன். வாசித்தவர்கள் தங்கள் வீட்டுக் கதைகளை எல்லாம் கீழே கொண்டுவந்து கொட்டினீர்கள்.

என் கணவருக்கு மிசிசாகாவில் விமானச் சரக்கு வேலை, கோடையில் லீவு கிடையாது. அவர் எங்களை விமானநிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார். ரொறன்ரோவிலிருந்து மன்செஸ்ரருக்கு ஏழு மணித்தியாலம். அங்கிருந்து லீட்ஸுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. நாங்கள் போய் இறங்க, பெரியண்ணை டயாலிசிஸ் முடித்து அண்ணியின் காரில் பின்னால் சாய்ந்திருந்தார். கோட்டுக்குள் ஆள் பாதியாகிவிட்டார். கட்டிப்பிடித்தபோது முதலில் இடது கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார், ஊசி ஏற்றுகிற கை.

லீட்ஸிலிருந்து நூற்றைந்து கிலோமீற்றர். வழமையாக ஒன்றரை மணித்தியால ஓட்டம் என்கிறார்கள். வெள்ளி பின்னேரம் எங்களுக்கு இரண்டே முக்கால் எடுத்தது, ஏனென்றால் யோர்க் தாண்டியபின் பெருந்தெரு ஒற்றைப் பாதையாகிவிடும். சனி விடியவே வெளிக்கிட முடிந்தால் அப்படிச் செய்யுங்கள். அண்ணிதான் ஓட்டினார். அவருக்கு ஒரு சுப்பர்மார்க்கெட் பேக்கரியில் விடியப்புற வேலை. வேலை முடித்து, அண்ணையை ஏற்றி, அப்படியே ஸ்ரியரிங் பிடித்தவர். வழியெல்லாம் அண்ணை ஒரு சின்னப் பிளாஸ்கிலிருந்து ஐஸ் கட்டி எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று கட்டுப்பாடு. கடலுக்குப் போகிற வழியில் ஒருவர் தாகத்தோடு இருப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பது லேசில்லை.

விடுதி தெற்குக் குடாவுக்கு மேலே, நான்கு மாடிப் பழைய வீடு. லிஃப்ட் இல்லை. பதியும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏற அண்ணை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். உரிமையாளர் அம்மா நல்ல மனுஷி, மற்ற ஐயா பின்னால் வருகிறாரா என்று கேட்டார். வரவில்லை என்றேன். அப்படியும் மூன்றாவது அறையின் திறப்பையும் கையில் தந்துவிட்டார், காசு கட்டியாயிற்றே என்று. அடுத்த நாள் காலை மேசையில் ஐந்து கோப்பை வைத்திருந்தது. அண்ணை அந்த ஐந்தாவது கதிரைக்கு முதுகைக் காட்டி இருந்தார். அவருக்கு அது கவலை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கடலைக் காணவில்லை. அந்தப் பக்கத்தில் கோடையிலும் கடலிலிருந்து மூடுபனி எழும்பிவந்து ஊரையே மூடிவிடுமாம். பதின்மூன்று பாகைக் குளிர். சரிவில் கயிற்றில் இழுக்கிற சின்ன ட்ராம் ஒன்று மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறக்கிவிடுகிறது. நடக்க ஏலாதவர்களுக்கு அதுதான் உதவி, செலவும் பெரிதில்லை. கீழே வரிசையாக நாணயம் போட்டு விளையாடுகிற கடைகள், பொரித்த மீன் வாசம், மணலில் பிள்ளைகள் ஏறி ஓட, பட்டியில் பெயர் எழுதிய கழுதைகள். மகள் ஆரணி கழுதையோடு படம் எடுத்தாள். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

பிறகு அவள் சின்னண்ணைக்கு வீடியோவில் எடுத்தாள். அங்கே பின்னேரம், அவர் கடைக்குள் நின்றார், பின்னால் சங்கிலியும் டயரும் தொங்கின. ஆரணி கமராவைக் கடல் பக்கம் திருப்பினாள்.

"கடலெங்க பிள்ளை, புகையெல்லோ தெரியுது," என்றார் சின்னண்ணை. "உதைப் பாக்கவோ நான் விசா கேட்டனான்? இஞ்ச வாங்கோ, என்ர கடைக்குப் பின்னால நல்ல கடல் சும்மா கிடக்கு."

நாங்கள் சிரித்தோம். ஆரணி போனைப் பெரியண்ணையிடம் நீட்டினாள். காற்று இரைகிறது, ஒன்றும் கேட்காது, பிறகு கதைக்கிறேன் என்று அவர் கையை ஆட்டிவிட்டு நடந்தார். சின்னண்ணையும் வற்புறுத்தவில்லை. பரவாயில்லை, கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் துறைமுகத்தடியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். மீனும் சிப்ஸும் ஒரு பிளேட் பதினான்கு பவுண், ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம். சிறுநீரக வருத்தக்காரருக்கு உருளைக்கிழங்கு கூடாது, உப்பும் கூடாது. அண்ணை மீனின் பொரித்த தோலைக் கத்தியால் நீக்கி உள் சதையை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார். ஆரணி போன கோடையில் நம்முடைய ஸ்காபரோவில் ஒரு குடிவரவு ஆலோசகரிடம் வேலை பார்த்தவள். தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்று நினைத்தாள்.

"மாமா, அந்த ரெஃப்யூசல் லெட்டரை எனக்கு ஃபோர்வேர்ட் பண்ணுங்கோ. ரீசன் தெரிஞ்சா திருப்பி அப்ளை பண்ணலாம்."

அது அவனிடம் இருக்கும் என்றார் அண்ணை. சின்ன மாமா அது உங்களிடம்தான் என்று சொன்னாரே என்றாள் அவள். அண்ணை மீனைப் பிரித்துக்கொண்டே இருந்தார். அண்ணி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒரு லெட்டரும் இல்லைப் பிள்ளை. அவர் விசாவுக்குப் போடவே இல்லை. நாங்கள் பேப்பர் அனுப்பேல்லை."

நான் முதலில் விளங்காமல் அண்ணையைப் பார்த்தேன். அவர் தலை நிமிர்த்தவில்லை. ஏன் என்று கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டபிறகு சொன்னார்:

"வந்தால் திரும்பிப் போவானெண்டு என்ன நிச்சயம்?"

விசா அதிகாரி கேட்பான் என்று நான் பயந்திருந்த கேள்வி அதுதான். அதை என் அண்ணை கேட்டார். அந்த மனிதர் படிக்க என்று வந்து, முடியத் திரும்பிவிடுவேன் என்று கையெழுத்து வைத்து, முப்பத்தைந்து வருடமாக லீட்ஸில் இருப்பவர். நான் கனடாவுக்கு எப்படி வந்தேன் என்பது இங்கே எழுதுகிற கதையில்லை.

"நாங்கள் ஆராவது திரும்பிப் போறமெண்டோ வந்தனாங்கள் அண்ணை?" என்றேன்.

அதற்கு அண்ணிதான் பதில் சொன்னார். தான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். விடிய மூன்று மணிக்கு எழும்புவது தான், மருந்து பார்ப்பது தான், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவது தான், வந்தவர் நின்றுவிட்டால் சமைத்துப் போடுவதும் அகதி வழக்குக்குக் கூட்டிக்கொண்டு போவதும் தான்தானே என்றார். குரலை உயர்த்தவில்லை. அவருடைய கைகளில் அடுப்பு சுட்ட தழும்புகள். எனக்கு அவரோடு சண்டை பிடிக்க வரவில்லை. ஆனால் சின்னண்ணைக்கு ஓடுகிற கடை இருக்கிறது, மனைவி இருக்கிறார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே திரும்பிப் போக எல்லாம் இருக்கிற மனிதரிடம், நிற்பீரா போவீரா என்று இவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று பின்னேரம் கோட்டைக்குப் போவதாக இருந்தது. போகவில்லை. ஆகவே கோட்டையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். இரவு நானும் ஆரணியும் மூன்றாவது அறையில் போய் இருந்தோம். அந்த அறையில்தான் கடல் தெரிகிற ஜன்னல் இருந்தது. பதியும்போது நான் தேர்ந்து பதிந்தது.

ஞாயிறு பனி கலைந்துவிட்டது. வடக்குக் குடாப் பக்கம் சனம் குறைவு, கடற்கரைக் குடிசைகள் நிறம் நிறமாக, நடக்க நல்ல பாதை. நான் தனியாகப் போய் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து சின்னண்ணைக்கு எடுத்தேன். எனக்குத் தெரியும் என்றேன். அவர் மெதுவாகச் சொன்னார். மாசியில் கேட்டபோது பேப்பர் வரும் என்றார்களாம். பங்குனியில் சட்டம் மாறிவிட்டது என்றார்களாம். சித்திரையில் விளங்கிவிட்டதாம். மே மாதம் பெரியண்ணையே எடுத்து, விசா கிடைக்கவில்லை என்று தங்கச்சியிடம் சொல்லிவிடு என்றாராம். வருத்தக்காரனோடு என்ன சண்டை என்று இவரும் ஓம் என்றுவிட்டார். அதற்குள் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் லண்டன் போகிறேன் என்று சொல்லியாயிற்று. குளிருக்கென்று கொழும்பிலிருந்து ஒரு ஜாக்கெட்டும் எடுப்பித்திருந்தார்.

நீங்கள் ஏன் எனக்கு உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"விசா இல்லையெண்டால் ஒருத்தனுக்கும் வெக்கமில்லைத் தங்கச்சி. ஊரில பாதிப் பேருக்கு இல்லை. அண்ணன் வேண்டாமெண்டிட்டான் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

திரும்பும் வழியில் யோர்க் கடந்து ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றோம். அண்ணி உள்ளே போனதும் பெரியண்ணை முன் சீற்றிலிருந்து திரும்பாமலே கதைத்தார். அவனை விசாவுக்குப் போடச் சொல்லு, நான் பேப்பர் தருகிறேன் என்றார். திங்கள் விடிய அவர் மெஷினுக்குப் போய்விட்டார். நாங்கள் மன்செஸ்ரர் ரயில் எடுத்தோம். ரொறன்ரோ வந்து சேர்ந்ததும் சின்னண்ணைக்கு அந்தச் செய்தியைச் சொன்னேன்.

"அண்ணை எனக்கு எடுத்துச் சொல்லட்டும். உன்னட்டைச் சொல்லி விட வேண்டாம்," என்றார்.

அதையும் பெரியண்ணையிடம் சொன்னேன். தனக்கு உடம்புக்கு ஏலாது என்று அவனுக்குத் தெரியும்தானே, அவனே எடுக்கட்டும் என்றார். இப்போது ஐப்பசி. இருவரும் எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் நான் இரண்டு பேருக்கும் எடுக்கிறேன். இருவரும் மற்றவர் சுகமா என்று என்னிடம் கேட்கிறார்கள். பெரியண்ணையைச் சிறுநீரக மாற்று அறுவைக்கான பட்டியலிலிருந்து இதயம் காரணமாக எடுத்துவிட்டார்களாம், போன கிழமை சொன்னார். அதைச் சின்னண்ணையிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். நான் சொல்லிவிட்டேன். இனி இந்தக் குடும்பத்தில் யாருக்காகவும் ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

மே மாதம் நான் இங்கே எழுதிய அந்த நாலு வரியை அழித்துவிட்டேன். விசாக் கந்தோர் அதிகாரிகளைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த முறை அவர்கள் ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: ஆடி, ஆவணியில் போனால் வெயில் பார்க்கலாம், ஆனாலும் காற்றுத் தடுக்கிற கோட்டு வேண்டும். கார் இல்லாவிட்டால் லீட்ஸிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, வெள்ளி பின்னேரம் அதுவே சுகம். ஊர் முழுக்க ஏற்ற இறக்கம், ஆகவே வயதானவரோ வருத்தக்காரரோ கூட வந்தால் லிஃப்ட் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுப் பதியுங்கள். இரண்டு இரவு, மூன்று அறை, கார், சாப்பாடு என்று விமானச் செலவு இல்லாமல் எங்களுக்கு எழுநூறு பவுணுக்குக் கிட்ட முடிந்தது. மீன் நல்ல மீன். கடற்பறவைகள் கையிலிருந்தே பறிக்கும், வெளியே நின்று சாப்பிட வேண்டாம்.

ஊரிலிருந்து யாரையாவது கூப்பிட்டுக் கூட்டிக்கொண்டு போக நினைத்தால், அறையைப் பிறகு பதியலாம். முதலில் வீட்டில் உள்ள எல்லோரையும் இருத்தி, அந்த மனிதர் வருவது தங்களுக்கு விருப்பமா என்று வாய் திறந்து கேளுங்கள். களைத்துப்போய் இருப்பவரிடம் இரண்டு தரம் கேளுங்கள். விருப்பமில்லை என்றால், அதை வர இருந்தவருக்கு நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.